கில்வாரா பெட்டியில் ஒரு செல்லாத சீட்டு

யார் எந்தப் பக்கம் வாக்களிப்பார்கள் என்பது கன்செப்டாவுக்கு மூன்று வாரம் முன்பே தெரிந்துவிட்டது. கில்வாராவின் தபால் நிலையம் அவள் பொறுப்பில் இருந்தது. ஜன்னலுக்கு எதிரே வாக்குச்சாவடியான பள்ளிக்கூடம். அதை ஒட்டி அவள் தம்பி ஃபின்டனின் வீடு. அந்த வீட்டில் நடப்பது மட்டும் ஜன்னலிலிருந்து தெரியாது. ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த வேலி குறுக்கே நின்றது.

ஃபின்டனுடன் மலக்கி இருபத்தாறு வருஷமாக இருக்கிறார். ஊர் அவரை 'மாடி ரூம் வாடகைக்காரர்' என்றது. மாடி ரூமில் துணி உலர்த்தும் கொடி மட்டுமே குடியிருந்தது என்பதும் ஊருக்குத் தெரியும். தெரிந்ததைத் தெரியாதது போல வைத்துக்கொள்வதில் கில்வாராக்காரர்களை மிஞ்ச ஆளில்லை.

ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் சட்டப்படி மணம் செய்துகொள்ளலாமா என்று அயர்லாந்து முழுவதும் மே மாதம் வாக்கெடுப்பு. பிஷப்பின் கடிதத்தை ஞாயிற்றுக்கிழமைத் தேவாலயப் பூசையில் வாசித்தார்கள். வேண்டாம் என்பதை நாலு பக்கத்துக்குச் சொன்ன கடிதம். மேலே ஆர்கன் முன்னால் உட்கார்ந்து அதைக் கேட்ட ஃபின்டன், முடிந்ததும் ஒரு சுரம் பிசகாமல் அடுத்த பாடலை வாசித்தார். கன்செப்டா பாடவில்லை. யார் யார் இருமினார்கள் என்று கவனித்துக்கொண்டிருந்தாள்.

அன்று மதியச் சாப்பாட்டில், உருளைக்கிழங்கைப் பிட்டுக்கொண்டே ஃபின்டன் சொன்னார்.

"நாடு ஆம்னு சொன்னா மட்டும் போதாதுக்கா. நம்ம ஊர்ப் பெட்டி ஆம்னு சொன்னா, நம்ம ஊர்க் கூடத்துலயே கல்யாண விருந்து. இல்லேன்னா டப்ளின் போயி கையெழுத்துப் போட்டுட்டு, அங்கேயே இருந்துடுவோம்."

"அங்கேயேன்னா?"

"மலக்கியோட தங்கச்சி வீடு காலியா கிடக்கு."

கன்செப்டா அதன்பிறகு குழம்பை ஊற்றாமலே சாப்பிட்டாள். அவளுக்கு இருந்த உறவு அந்தத் தம்பி ஒருவர்தான்.

வாக்களிப்பு நாளன்று அவள் ஜன்னலைவிட்டு நகரவில்லை. போகிறவர்களின் முகத்தைப் பார்த்தே ஆம், இல்லை என்று பழைய உறையின் பின்புறம் கோடு கிழித்தாள். சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் தன் வாக்கின் ஞாபகம் வந்தது. போனாள். நூலில் கட்டிய பென்சிலை எடுத்து 'ஆம்' கட்டத்தில் பெருக்கல் குறி போட்டாள். போட்டதோடு வந்திருக்கலாம். வாழ்நாளில் எதையும் அபிப்பிராயம் சொல்லாமல் விட்டவள் அல்லவே அவள். கீழே கொஞ்சம் வெள்ளையாக இடம் வேறு இருந்தது.

மறுநாள் எண்ணிக்கை. ஒவ்வொரு ஊர்ப் பெட்டியையும் கொட்டிச் சீட்டுகளைப் பிரிக்கும்போது, தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்த்துக் கணக்கெடுப்பதற்கென்றே எங்கள் நாட்டில் ஆட்கள் உண்டு. கில்வாராவுக்கு ஜார்லத். நாற்பது வருஷமாக எட்டிப் பார்ப்பவர். நாடு முழுவதும் 'ஆம்' ஜெயித்துவிட்டது என்று வானொலி சொல்லி முடித்த பிறகுதான் அவர் தபால் நிலையத்துக்கு வந்து சேர்ந்தார்.

"தொண்ணூத்தி நாலு, தொண்ணூத்தி நாலு. சமம்மா!"

"நூத்தி எண்பத்தொன்பது பேர் போனாங்களே ஜார்லத். நான்தான் பார்த்தேனே."

"ஒண்ணு செல்லாது. எந்தப் பைத்தியமோ சீட்டுல கட்டுரை எழுதி வச்சிருக்கு. ஆளை அடையாளம் காட்டுற மாதிரி இருக்குன்னு தள்ளிட்டாங்க. நான் படிக்கறதுக்குள்ள எடுத்துட்டாங்க. வேலின்னு ஒரு வார்த்தை மட்டும் கண்ணுல பட்டுச்சு."

கன்செப்டா தபால் நிலையத்தை அப்படியே திறந்து போட்டுவிட்டுக் கிளம்பினாள். ஊர் பார்க்காத காட்சி அது.

தம்பி வீட்டுக்கு ஓடினாள். அந்தச் சீட்டு தன்னுடையது, அதில் போட்டது 'ஆம்' என்று சொன்னாள். ஃபின்டன் கோபப்படவில்லை.

"நான் போயிடக்கூடாதுன்னு பொய் சொல்றே. புரியுது. சமம்னா ஜெயிச்சதா ஆகாதுக்கா."

"நான்தான்டா எழுதினேன்! சத்தியமா!"

"அப்ப வெள்ளிக்கிழமை எல்லார் முன்னாடியும் சொல்லு."

வெள்ளிக்கிழமை பென்ஷன் நாள். கில்வாராவில் அறுபத்தாறு வயது தாண்டிய அத்தனை பேரும் அன்று அவள் கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் வரிசை நிற்பார்கள். ஊர்ச் சங்கதிகளை அவள் விநியோகிப்பதும் அந்த வரிசைக்குத்தான். இந்தத் தடவை வரிசை தானாகவே பேசிக்கொண்டிருந்தது.

"செல்லாத சீட்டு டிம்ஃப்னாவோடதுதான்," என்று ஒரு குரல். "அவதான் எதையும் உருப்படியா செய்யமாட்டா."

பங்குச் சாமியார் வீட்டில் சமைக்கும் டிம்ஃப்னா வரிசையின் நடுவில் சிவந்து போய் நின்றாள். "நான் ஏன்டி கெடுக்கறேன்? நான் ஒழுங்கா போட்டேன்!"

"எதுக்குப் போட்டே?"

"அது எனக்கும் கர்த்தருக்கும்!"

சும்மா இருந்தால் பழி டிம்ஃப்னாவோடு போயிருக்கும். கன்செப்டா மற்ற எந்த வெள்ளிக்கிழமையானாலும் அப்படித்தான் விட்டிருப்பாள். வாசல் பக்கம் தம்பி, தபால்தலை வாங்க வந்தவர் போல நின்றுகொண்டிருந்தார். அவள் முத்திரைக் கட்டையைக் கீழே வைத்தாள்.

"அது நான்."

ஜார்லத் காதில் கையை வைத்தார். "என்னம்மா?"

"நான்தான் அந்தப் பைத்தியம். ஆம்னு போட்டேன். கீழே எழுதினேன்."

"என்னன்னு எழுதினே?"

கன்செப்டா கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள். "'இப்பவாவது புத்தி வந்துச்சே. அப்படியே என் தம்பி வீட்டு வேலியை வெட்டச் சொல்லுங்க, தபால் நிலையத்துலேர்ந்து ஒண்ணும் தெரியலே.'"

முதலில் சிரித்தது டிம்ஃப்னா. சிரிப்பு வரிசையின் கடைசிவரை போய்த் திரும்பி வந்தது. ஜார்லத் கோட்டுப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்து, 'ஆம்' பக்கத்து நாலை அடித்து ஐந்தாக்கினார்.

"அரசாங்கக் கணக்கு வேற, நம்ம கணக்கு வேற," என்றார்.

ஃபின்டன் ஒரு தபால்தலையை வாங்கிக்கொண்டார். "கூடம் நவம்பர்ல காலியா இருக்கான்னு கேட்டுச் சொல்லுக்கா. அழைப்பிதழ் மட்டும் நீ எழுதக்கூடாது."

மறுநாள் காலை மலக்கி ஏணியும் பெரிய கத்தரியுமாக வெளியே வந்தார். வேலியை இடுப்பளவுக்கு இறக்கினார். இப்போது ஜன்னலிலிருந்து அவர்கள் சமையலறை மேஜை தெரிகிறது. மேஜை மேல் இரண்டு கோப்பை, ஒரு ரொட்டி. முதல் வாரம் முழுக்கப் பார்த்தாள் கன்செப்டா. இரண்டு பேரும் எந்நேரமும் செய்தித்தாள்தான் படிக்கிறார்கள் என்று இப்போது குறைப்பட்டுக்கொள்கிறாள்.