டிரையருக்கு ஒரு பெல்ட்

வந்தவன் யாரென்று, அவன் செருப்பைக் கழற்றுவதற்குள் தைரியநாதனுக்குத் தெரிந்துவிட்டது. வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும் இருந்தன. அந்த இரண்டை வைத்தே தோளில் கிடந்த கருவிப்பையை இறக்கிச் சுவரோரம் வைத்தான். "மந்தாரக்குப்பத்துலேர்ந்து வரேங்க. அன்புச்செல்வன். டிரையர் ஓடலன்னு போன் பண்ணியிருந்தீங்களே" என்று அவர் மனைவி லூசியம்மாளிடம் சொன்னான்.

மகள் எவாஞ்சலின் பிள்ளை பெற்று, வடக்குத்திலிருக்கும் இந்தத் தாய்வீட்டுக்கு வந்து இருபத்தெட்டு நாள் ஆகியிருந்தது. கார்த்திகை மழை விட்டபாடில்லை. மாப்பிள்ளை வாங்கிக் கொடுத்த, துணி காயவைக்கிற டிரையர் இருந்ததால் குழந்தைத் துணியைச் சமாளித்துக்கொண்டிருந்தார்கள். முந்தாநாள் அதற்குள் ஏதோ பட்டென்றது. மோட்டார் உறுமியதே தவிர டிரம் சுற்றவில்லை. அன்றிலிருந்து வீடெல்லாம் கொடி, சாப்பிட உட்கார்ந்தால் தலையில் ஈரத்துணி. பெல்ட் அறுந்துவிட்டது என்று தைரியநாதன் அப்போதே சொல்லிவிட்டார். முப்பத்தோரு வருஷம் நிலக்கரி மைன்ஸில் கன்வேயர் பெல்ட் ஓட்டி ரிட்டயர் ஆனவருக்கு அதுகூடவா தெரியாது? ஆனால் அவர் ஓட்டியதெல்லாம் கேபினில் உட்கார்ந்து பட்டனில்தான். பெல்ட்டைத் தொட்டு வேலை பார்த்தவர்கள் வேறு ஆட்கள்.

அந்த வேறு ஆட்களில் ஒருவன்தான் அன்புச்செல்வன், காண்ட்ராக்டில் வந்தவன். கேபினுக்கும் பெல்ட்டுக்கும் நடுவே அரைக் கிலோமீட்டர் இருந்ததால், இருவரும் வாக்கிடாக்கியில் பேசிக்கொண்டதோடு சரி. பதினோரு வருஷத்துக்கு முன் ஒருநாள், உருளையைச் சரிசெய்யக் கையை உள்ளே விடப்போவதாக அவன் சொன்னான். இவரும் சரி என்றார். அரை மணி நேரம் கழித்து, ஷிஃப்ட் முடிகிற அவசரத்தில், வெளியே வந்துவிட்டாயா என்று ஒரு வார்த்தை கேட்காமல் பட்டனை அழுத்திவிட்டார். அவன் மயக்கத்தில் கிடந்த நேரத்தில், பையன் சொல்லாமல் கையை விட்டுவிட்டான் என்று எல்லோரிடமும் இவரே முந்திக்கொண்டு சொன்னார். ஆஸ்பத்திரி வார்டின் வாசல்வரை போய் ஒருமுறை எட்டிப் பார்த்ததோடு திரும்பிவிட்டார். கட்டின மனைவியிடமும் அதே கதைதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துப் பதினோரு வருஷம் ஆயிற்று, சோறு ஊசிப்போனதுதான் மிச்சம்.

இவர் முகம் அவனுக்குத் தெரியாது. குரல் தெரியும். அதனால் தைரியநாதன் வாயைத் திறக்கவில்லை. அவன் டார்ச் பிடிக்கச் சொன்னபோது பிடித்தார், காப்பி வேண்டுமா என்று லூசியம்மாள் கேட்டபோது தலையாட்டினார். பேருக்குத்தான் தைரியநாதன்.

"என்னங்க, வாயில கொழுக்கட்டையா? மெக்கானிக் வந்தா பக்கத்துல நின்னுக்கினு நூறு யோசனை சொல்லுவீங்களே" என்று லூசியம்மாள் சீண்டினாள். அதற்கும் தலையாட்டல்தான்.

அன்புச்செல்வன் பின்பக்கத் தகட்டைக் கழற்றி, அறுந்து கிடந்த பெல்ட்டை உருவிப் போட்டான். புதிய பெல்ட்டை, வரிகள் உள்பக்கம் பார்க்கும்படி டிரம்மைச் சுற்றிப் போட்டான். அதை இழுத்துப் பிடிக்கிற சின்னக் கப்பியை இடது கையால் ஒதுக்கி, வலது கையின் இரண்டு விரல்களால் பெல்ட்டை வளைத்து மோட்டாரில் மாட்ட வேண்டும். இரண்டு முறை நழுவியது. தைரியநாதன் டார்ச்சை இன்னும் கிட்டே கொண்டுபோனார்.

"கை என்னப்பா ஆச்சு?" என்றாள் லூசியம்மாள்.

"மைன்ஸ்ல பெல்ட்டுல மாட்டிக்கிச்சுங்க."

"இவரும் பெல்ட்டுலதான் இருந்தாரு. ஒரு பையன் சொல்லாம கொள்ளாம உள்ள கைய வுட்டுட்டான்னு சொல்லுவாரு. நீயும் அப்படித்தான் வுட்டியா?"

மூன்றாம் முறை பெல்ட் மோட்டாரில் ஏறி உட்கார்ந்தது. "நான் சொல்லிட்டுதாங்க வுட்டேன்" என்றான் அன்புச்செல்வன், நிமிராமலே.

தைரியநாதனுக்குக் காது சுட்டது. இப்போது சொல்லியிருக்கலாம். எண்ணிப் பார்த்தால் இன்னும் பத்து நிமிஷம், அவன் பையை மாட்டிக்கொண்டு போய்விடுவான். மீதிக் காலத்தையும் இப்படியே ஓட்டிவிடலாம்.

டிரம்மைக் கையால் நாலு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சுவிட்ச் போடுங்க சார். பெல்ட் நடுவுல ஓடுதான்னு பாத்துக்கிறேன்" என்றான்.

சுவிட்ச் எதிர்ச் சுவரில் இருந்தது. போய் அதன்மேல் விரலை வைத்தார். மெஷினுக்குப் பின்னால் குனிந்திருந்தவனின் முதுகு மட்டும்தான் அங்கிருந்து தெரிந்தது, கைகள் தெரியவில்லை. கேட்டுத்தான் ஆக வேண்டும். தலையாட்டிக் கேட்க முடியாத கேள்வி அது.

"கை வெளிய இருக்கா தம்பி?"

அந்த முதுகு ஒருகணம் அசைவற்றுப்போனது. குரல் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அவருக்குப் புரிந்தது.

"இருக்குங்க."

"ரெண்டு கையுமா?"

லூசியம்மாள் சிரித்தாள். "இவ்ளோ நேரம் பேசாத மனுசன், இத மட்டும் ரெண்டு தரம் கேக்குறாரு பாரு."

"அன்னிக்கி நான் கேக்கல லூசி" என்றார். "இவரு சொல்லிட்டுதான் கைய வுட்டாரு. நான்தான் கேக்காம போட்டுட்டேன்."

லூசியம்மாளின் சிரிப்பு அப்படியே நின்றது. உள்ளறையில் குழந்தை சிணுங்கியது, அவள் போகவில்லை. அன்புச்செல்வன் மெல்ல எழுந்து திரும்பினான். இரண்டு கைகளையும் தோளுக்கு மேலே உயர்த்தி, அவர் கண்ணில் படும்படி நன்றாக விரித்துக் காட்டினான். தைரியநாதனின் விரல் சுவிட்சின் மேலேயே இருந்தது.