ஞாயிற்றுக்கிழமைத் துணி

“கல்லறைக்கு நானும் வர்றேன்,” என்றாள் லூனெட்.

சவப்பெட்டி மூடியின் திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்த ஆள் கையை நிறுத்தினான். முன்னறை முழுக்கக் கறுப்புக் கோட்டுகள். யாரும் அவள் பக்கம் திரும்பவில்லை. பெரியப்பா எம்ரிஸ் மட்டும் தன் தொப்பியின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

“அதை மட்டும் கேட்டுடாதேடி,” என்று காலையிலேயே அம்மா சொல்லியிருந்தாள். “வேற எதை வேணா கேளு. உங்க பெரியப்பா சபையில மூப்பர். அவர் முன்னால அது வேண்டாம்.” இந்த வேல்ஸ் பள்ளத்தாக்கில் எந்தப் பெண்ணும் அதைக் கேட்டதில்லை. பத்திரிகையில் அப்பாவின் பெயருக்குக் கீழேயே அச்சிட்டிருந்தார்கள்: அடக்கம், ஆண்கள் மட்டும். ஆண்கள் பாடிக்கொண்டே பெட்டியோடு மேட்டுக் கல்லறைக்குப் போவார்கள். பெண்கள் திரைச்சீலைகளை இறக்கிவிட்டு, அவர்கள் திரும்பி வந்து தின்பதற்கு இறைச்சி வெட்டுவார்கள்.

“பொம்பளைங்க வர்ற வழக்கம் இங்க இல்லம்மா,” என்றார் பெரியப்பா. “உங்க காலேஜ்ல இருக்கலாம்.”

“காலேஜ்ல எங்கப்பா சாகலையே.”

“நீ அங்க வந்து அழுதேன்னா தூக்குறவன் கை நடுங்கும்.”

“இதுவரைக்கும் நான் அழுது பாத்தீங்களா?”

அவள் அழுது யாரும் பார்க்கவில்லை. அழுகை வராததைப் பற்றி லூனெட்டுக்கும் ஒன்றும் தோன்றவில்லை. பல் பிடுங்கிய பிறகு கன்னத்தைத் தொட்டால் வேறு யாரையோ தொடுவது போல இருக்குமே, அப்படித்தான் அப்பா இறந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இருந்தது.

பெரியப்பா குரலைத் தாழ்த்தினார். “சுரங்கத்துத் தூசி பூரா உங்கப்பன் நெஞ்சுலதான் கெடந்துச்சு. மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கும். அவனைக் கோட்டை பாக்கக் கூட்டிட்டுப் போனே. அதுவும் ஆராதனை நேரத்துல. அது பத்தாதாம்மா?”

கூட்டிப் போனது அவள் இல்லை. அதை அவள் சொல்லவில்லை. அடுக்களைக்குப் போய்விட்டாள்.

அங்கே அம்மா கெய்ன்வென் வேகவைத்த பன்றித்தொடையை வெட்டிக்கொண்டிருந்தாள். மறுபக்கம் தெரியும் அளவுக்கு மெல்லிய துண்டுகள். பக்கத்து வீட்டு நெஸ்டா அத்தை ரொட்டிக்கு வெண்ணெய் தடவினாள்.

“கேட்டுட்டா போல,” என்றாள் நெஸ்டா அத்தை.

“கேட்டுட்டா,” என்றாள் அம்மா. கத்தி நிற்கவில்லை.

பின்பக்க ஜன்னலுக்கும் திரை இறக்கியிருந்தார்கள். அதற்கு அந்தப் பக்கம் கோட்டை. லூனெட் பிறந்ததிலிருந்து பாத்திரம் கழுவும்போதெல்லாம் அதைப் பார்த்திருக்கிறாள். தெருவில் ஒருவரும் அங்கே போனதில்லை. வெளியூர்க்காரர்கள் போவார்கள். “எங்க ஓடிடப் போவுது?” என்பார் அப்பா. “வேல்ஸ்காரன் தலைமேல உக்காரணும்னு இங்கிலீஷ் ராஜா கட்டினான். இப்ப ஆடு உக்காந்திருக்கு.”

அந்த ஞாயிறு காலையில் அப்பா சபைக்குப் போடும் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு, “வா, கோட்டையைப் பாத்துட்டு வந்துடுவோம்,” என்றார். பட்டம் வாங்கிய மகள் ஊருக்கு வந்திருக்கிறாள் என்பது காரணமாக இருக்கலாம். அவர் காரணம் சொல்லவில்லை. அம்மா தலைவலி என்று படுத்திருந்தாள். லூனெட் முட்டை சாண்ட்விச் செய்து பிளாஸ்க்கில் தேநீர் ஊற்றிக்கொண்டாள்.

ஏற்றத்தில் நின்று நின்று கல்லைப் பார்த்தார். கல்லைப் பார்க்க நிற்கவில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். கூரையில்லாத கோபுரத்தில், ஜன்னல் இருந்த ஓட்டையில் உட்கார்ந்ததும் முதலில் சொன்னது, “இவ்வளவுதானா?” பிறகு கீழே பார்த்தார். ஒட்டி ஒட்டி நின்ற வீடுகளின் பின்பக்கங்கள், கொல்லைகள், புகைபோக்கிகள்.

“அது நம்ம வீடுதானே? இந்தப் பக்கம் பாக்குறப்ப அடையாளமே தெரியலை.” கண்ணைச் சுருக்கினார். “அடிப்பாவி!”

“என்னப்பா?”

“உங்கம்மா துணி காயப்போட்டிருக்கா பாரு. ஞாயித்துக்கெழம!”

வேலிக்குப் பின்னால், தெருவில் யாருக்கும் தெரியாத கொடியில், நீல விரிப்பு காற்றில் அடித்துக்கொண்டிருந்தது.

“தலைவலியாம் தலைவலி! எத்தனை வருஷமா இந்தத் திருட்டு வேலை நடக்குதோ. எம்ரிஸ் பாத்தான்னா, ஓய்வுநாள்ல வேலை செஞ்சது பாவம்னு சபையைக் கூட்டி விசாரிப்பான்.” சிரித்தார். தொடையில் தட்டிச் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. பிறகு தோள் மட்டும் குலுங்கியது. லூனெட் சாண்ட்விச்சின் காகிதத்தைப் பிரித்துக்கொண்டு, அவர் சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தாள். தோள் நின்ற பிறகும் அவர் நிமிரவில்லை.

கடைசியாக என்ன சொன்னார் என்று போதகர் கேட்டபோது, “ஒண்ணும் சொல்லலை,” என்றாள். பெரியப்பாவிடமும் அதையேதான் சொன்னாள்.

தெருவில் பாட்டு தொடங்கியது. ஆண்களின் குரல்கள், நாலு பிரிவாக, அடியிலிருந்து எழுந்தன. முன்னறையில் காலடிகள் இடறின. யாரோ, “மெதுவா, மெதுவா, கதவு,” என்றார்கள். அப்பா வெளியே போனார்.

“கடைசியா ஒரு வார்த்தை சொல்லாமலே போயிட்டாரே, மனுஷன்,” என்று நெஸ்டா அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு கோப்பைகளை அடுக்க முன்னறைக்குப் போனாள்.

லூனெட் ஏப்ரனின் முடிச்சை அவிழ்த்தாள்.

“அம்மா. அப்பா பேசினார்.”

கத்தி நின்றது.

“கோட்டையில இருந்து பாத்தா நம்ம கொல்லை தெரியும்.”

அம்மாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு கழுத்திலிருந்து காதுவரை சிவந்தாள். நாலு நாளில் அந்த முகத்துக்கு வந்த முதல் நிறம் அது.

“நீல விரிப்பா?”

“உன் உள்பாவாடையும்தான்.”

“அங்கதான் ஒருத்தரும் போக மாட்டாங்களே,” என்றாள் அம்மா. நியாயம் கேட்பது போல இருந்தது. “அங்க இருந்து யாரு பாக்கப் போறான்னு நெனச்சேன்.” இறைச்சியையே பார்த்தாள். “கோவப்பட்டாரா?”

“சிரிச்சார்.”

“ரொம்ப நேரமா?”

“கடைசி வரைக்கும்.”

அம்மா மறுபடியும் வெட்டத் தொடங்கினாள். இந்த முறை துண்டுகள் தடித்தும் கோணியும் விழுந்தன. அவள் அதைச் சரிசெய்யவில்லை.

லூனெட் ஏப்ரனை ஆணியில் மாட்டிவிட்டுத் தன் கறுப்புக் கோட்டுக்குள் கையை நுழைத்தாள். கோப்பைகளோடு திரும்பி வந்த நெஸ்டா அத்தை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“ஐயையோ, இந்தப் பொண்ணு எங்க கெளம்புது? கெய்ன்வென், சொல்லேன்! தெருவே பாக்குமே!”

அம்மா நிமிரவில்லை.

“கதவைச் சாத்திட்டுப் போ,” என்றாள். “பூனை வந்து இறைச்சியில வாய வச்சிடும்.”

பின்வாசலில் துணிக்கூடை கிடந்தது. ஞாயிறன்று செய்தி சொல்ல வந்தவர்கள் முன்கதவைத் தட்டியபோது அம்மா முதலில் கொடிக்கு ஓடியிருக்கிறாள். ஈரத்தோடு சுருட்டித் திணித்த நீல விரிப்பு அப்படியே இருந்தது, பூஞ்சை வாடையோடு. கொடியில் கவ்விகள் மட்டும் மிச்சம்.

லூனெட் கூடையைத் தாண்டிக் கதவைச் சாத்தினாள். சந்து முனையில் கறுப்புத் தொப்பிகளின் கடைசி வரிசை மேட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. அவள் நடுச்சாலையில் இறங்கி நடந்தாள்.