ஆணியில் தொங்கிய மெத்தைச்சட்டை

1

இந்தக் கதை என் முதுகுவலியில் பிறந்தது. கலைத்தேவிகள் யாரும் வந்து என் காதில் எதையும் ஓதவில்லை. போன குளிர்காலம் முழுக்க இடுப்பு பிடித்துக்கொண்டது, முக்காலியில் உட்கார்ந்து எழுத முடியவில்லை என்று புலம்பித் தள்ளினேன். கேட்டு அலுத்துப்போன என் மனைவி ரெசில்லா பெட்டியைத் திறந்தாள். அடியில் கிடந்த ஒரு பழைய மெத்தைச்சட்டையை எடுத்து, மடித்து, முக்காலியில் போட்டாள்.

"இதும் மேல உக்காரு. போட வேண்டியவன் போடல. உன் குண்டிக்காவது ஒதவட்டும்."

அன்றிலிருந்து அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கிறேன். இதை எழுதும்போதும்.

[மெத்தைச்சட்டை என்பது கவசத்துக்கு உள்ளே போடுவது. இரண்டு கெட்டித் துணிக்கு நடுவில் கம்பளியைத் திணித்துத் தைத்திருப்பார்கள். இரும்புத் தகடுகளின் கனம் முழுவதும் தோளில்தான் இறங்கும். அடி விழுந்தாலும் தோளில்தான் இறங்கும். இரண்டையும் வாங்கிக்கொள்வது இதன் வேலை. ரோமப் படையில் இருந்தவர்கள் இந்த அடைப்புக்குறியைப் படிக்காமல் தாண்டிப் போகலாம்.]

2

தொடக்கம், முதல் முயற்சி:

டான்யூப் ஆறு உறைந்துகிடந்த அந்தக் காலையில், மாவீரன் தாஸியுஸ் தன்

வேண்டாம். மாவீரன் என்று எழுதியதுமே பொய் வாடை அடிக்கிறது. தாஸியுஸ் குறட்டை விடுகிறவன். பருப்புக் கஞ்சியில் அடுத்தவன் பங்கையும் சேர்த்துக் குடிக்கிறவன்.

இரண்டாவது முயற்சி: எங்கள் அறையில் எட்டுப் பேர், சுவரில் எட்டு ஆணி.

இது பரவாயில்லை. எட்டு ஆணியிலும் எட்டு மெத்தைச்சட்டை. ஏழு சட்டைகள் கிடங்கிலிருந்து வந்தவை, எங்களுக்கு முன்னால் யார் யாரோ வியர்த்தவை. எட்டாவது தாஸியுஸுடையது. கோட்டைக்கு வெளியே குடியிருப்பில் அவனுக்கு ஒருத்தி இருந்தாள். சிப்பாய் கல்யாணம் செய்யக் கூடாது என்று சட்டம், அதனால் கல்யாணம் இல்லாமலே குடும்பம் நடத்துவோம். அவனுடைய ஒருத்தி அப்போது இருபது வயது ரெசில்லா. இலையுதிர் காலம் முழுக்க உட்கார்ந்து அந்தச் சட்டையைத் தைத்தாள். இரண்டு பங்கு கம்பளி. அதைப் போட்டால் கவசத்தின் கட்டு எட்டாது, இரண்டு பேர் பிடித்து இழுக்க வேண்டும்.

"மூட்ட வருது, வழி விடுங்கப்பா" என்பான் எவனாவது.

"வயிறெரிஞ்சு சாவுங்கடா" என்பான் தாஸியுஸ். "தெச்சுக் குடுக்க ஒருத்தி இருந்தா நீங்களும் மூட்டதான்."

(மெழுகுப் பலகை என்றால் தேய்த்து அழித்துவிடலாம். நான் எழுதுவது மெல்லிய மரச்சீவலில், மையால். அடித்த வரியும் அப்படியே கிடக்கும். சகித்துக்கொள்ளுங்கள், புதுச் சீவலுக்கு மரம் சீவ எனக்குத் தெம்பில்லை.)

3

கதையில் இன்னொருவன் இருக்கிறான். பெயர் ப்ரோக்குஸ். அவனை எப்படி எழுதுவதென்று பிடிபடவில்லை. எத்தனை முறை எழுதினாலும் நல்லவனாகிவிடுகிறான்.

தாஸியுஸிடம் ப்ரோக்குஸ் சட்டையை இரவல் கேட்டான், அவனும் மனமுவந்து

ப்ரோக்குஸ் கேட்பதற்கு முன்பே தாஸியுஸ், "போட்டுக்கடா, குளுருது" என்று

இரண்டையும் அடித்தாயிற்று. நடந்தது இதுதான். இரவுக் காவல் முடித்துவிட்டுத் தாஸியுஸ் தூங்கிக்கொண்டிருந்தான். ப்ரோக்குஸின் சட்டை முந்தின நாள் பனிமழையில் ஊறிப்போயிருந்தது. சோம்பேறித்தனத்தில் அடுப்புப் பக்கம் போடாமல் ஆணியிலேயே விட்டிருந்தான். விறகு வெட்டப் போகிறவர்களுக்குக் காவலாகக் காட்டுக்குப் போக வேண்டும். பக்கத்து ஆணியிலிருந்து எடுத்தான். யாரையும் கேட்கவில்லை.

அந்த ப்ரோக்குஸ் நான்தான். வேறு எவனோ என்பதுபோல எழுதினால் சுலபமாக இருக்கும் என்று பார்த்தேன். இருக்கவில்லை.

என் இடது தோள் வலதைவிடத் தாழ்ந்தது. கவசம் ஒரு பக்கமாகச் சரிந்தது. கழுத்தில் கட்டியிருந்த பச்சைத் துணியில் பாதியைக் கிழித்தேன். சட்டையின் இடது தோளில் இரண்டு தையலைக் கத்தியால் பிரித்து, உள்ளே திணித்து, பழையபடி தைத்தேன். பிறகு சரியாக உட்கார்ந்தது. [அந்தப் பச்சைத் துணியை மறந்துவிடாதீர்கள். கோட்டையில் வேறு யாரிடமும் அந்த நிறம் கிடையாது. அதைக் கட்டிக்கொண்டு திரிந்ததால்தான் ரெசில்லா எனக்குத் தவளை என்று பெயர் வைத்தாள். இன்றைக்கும் அப்படித்தான் கூப்பிடுகிறாள்.]

4

நாள் முழுக்கக் காட்டில் நின்றேன். எதிரி ஒருவன்கூடக் கண்ணில் படவில்லை. ஒரு நரியைப் பார்த்தேன். கதகதப்பாக இருந்தது. அந்தக் குளிர்காலத்திலேயே அன்றைக்குத்தான் நான் நடுங்காமல் இருந்தேன், அதையும் எழுதத்தான் வேண்டும்.

உச்சிவேளைக்குப் பிறகு அக்கரை எதிரிகள் பனிக்கட்டிமேல் ஆற்றைக் கடந்து கோட்டை வாசலுக்கே வந்துவிட்டார்கள். கொம்பு ஊதியது. தாஸியுஸ் எழுந்து ஆணியைப் பார்த்தான். அதில் ஒன்றுமில்லை. மற்றவர்களுடையவை அவரவர் உடம்பில். மிச்சமிருந்தது என்னுடையது, ஈரம் உறைந்து பலகைபோல விறைத்துத் தொங்கியது. மேலாடைமேல் வெறும் இரும்பை மாட்டிக்கொண்டு ஓடினான்.

[அவன் ஆணியைப் பார்த்ததை நான் பார்க்கவில்லை. நானாக எழுதியது. ஆனால் இருபத்திரண்டு வருடமாக என் தலைக்குள் அவன் அந்த ஆணியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான்.]

வலது தோளில் ஒரே ஒரு தடியடி. தகடு உடையக்கூட இல்லை, லேசாக நெளிந்தது. உள்ளே எலும்பு முறிந்து நுரையீரலில் குத்திவிட்டது. கோட்டை வைத்தியசாலையில், பெண்களை உள்ளே விடாத இடத்தில், இரண்டு நாள் இழுத்துக்கொண்டு கிடந்தான்.

மறுநாள் பார்க்கப் போனேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான்.

"சூடா இருந்துச்சா?" என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். குத்திக்காட்டினானா, வழக்கம்போல நக்கலா, இல்லை நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டானா? எழுத்தில் குரலை வைக்க முடிவதில்லை. எனக்கு அது இன்னும் காதில் இருக்கிறது, இருந்தும் தெரியவில்லை. நான் வெளியே வந்துவிட்டேன்.

5

சண்டை நடந்த அன்று சாயங்காலமே சட்டையை அவன் ஆணியில் மாட்டியிருந்தேன், தோளில் திணித்ததை எடுக்காமலே. அவன் செத்ததும் சாமான்களை ரெசில்லாவிடம் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார்கள். கொண்டுபோனதும் நான்தான். அவள் சட்டையை விரித்துப் பார்த்தாள். ரத்தமில்லை, கிழிசலில்லை.

"போடல" என்றாள். "பயலுவ மூட்டன்னு கேலி பண்ணுனானுங்கன்னு போடாமப் போயிருக்கான். அப்படித்தான?"

வாயைத் திறந்தேன். வந்தது, "ஆமா."

நான்கு வருடம் கழித்துப் படையிலிருந்து விடுபட்டு அவளையே கட்டிக்கொண்டேன். அதற்கான காரணங்களை இங்கே எழுத மாட்டேன், எல்லாமே மோசமான காரணங்கள் இல்லை. சட்டையை அவள் பெட்டிக்கு அடியில் போட்டாள். பிரிக்கவும் இல்லை, யாருக்கும் கொடுக்கவும் இல்லை. தாஸியுஸைத் திட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை. கஞ்சி அடிப்பிடித்தால், கூரை ஒழுகினால், கடைசியில் அவனிடம்தான் வந்து நிற்பாள். "அழகு பாத்தே செத்த பய. நான் ராவும் பகலும் தெச்சத மதிச்சிருந்தா உசுரோட இருந்திருப்பான்."

செத்தவன் இருபத்திரண்டு வருடமாக எனக்குப் பதிலாகத் திட்டு வாங்குகிறான்.

6

முடிவுகள். மூன்று யோசித்து வைத்திருந்தேன்.

ஒன்றில் சொல்லிவிடுகிறேன். அவள் மூட்டை கட்டிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போகிறாள். இந்த வயதில் தனியாகக் கஞ்சி காய்ச்சிக் குடிக்கிறேன்.

இன்னொன்றில் அவளுக்கு முதல் நாளிலிருந்தே எல்லாம் தெரியும், தெரிந்தே மன்னித்திருக்கிறாள். கேட்கிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். எனக்கும் இதுதான் பிடித்திருந்தது, அதனாலேயே நம்பவில்லை. இந்த முடிவும் அடுத்தவன் ஆணியிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்கிற மாதிரிதான்.

மூன்றாவதில் நான் முந்திச் செத்துவிடுகிறேன். இருமலைப் பார்த்தால் இதுவே

7

மேலே வாக்கியம் நின்றுபோனதற்குக் காரணம், ரெசில்லா உள்ளே வந்துவிட்டாள். கையில் ஒரு கூடை புதுக் கம்பளி, தையல் பிரிக்கிற சின்னக் கத்தி.

"எந்திரி."

"எழுதிட்டிருக்கேன்ல."

"எழுதி என்னத்தக் கிழிச்ச. அது ரொட்டியாட்டம் தட்டையாப் போச்சு. தோளு ரெண்டையும் பிரிச்சு, உள்ள இருக்கறத ஒதறிட்டுப் புதுசா வெக்கணும்."

"இப்படியே இருக்கட்டும், நல்லாத்தான் இருக்கு."

"நீ முனகுறதக் கேட்டு எனக்குத்தான் தூக்கம் கெடுது. அவனுக்குத் தெச்சதுதான் வீணாப் போச்சு, ஒனக்காவது ஒழுங்காத் தெச்சுத் தர்றேன். எந்திரி, தவள."

நான் எழவில்லை. இந்த வரியை எழுதிக்கொண்டிருக்கிறேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது, ஆனாலும் எழுதுகிற கையை அவள் பிடித்து இழுக்க மாட்டாள். மை தீரும்வரை காத்திருப்பாள். சீவலில் இன்னும் இரண்டு விரல் அகலம் இருக்கிறது. நான் சொன்ன பிறகு அவள் பிரிக்கலாம். அவள் பிரித்த பிறகு நான் சொல்லலாம். இரண்டுக்கும் நடுவில் ஒரு தையல்தான் இருக்கிறது, ஆனால் இரண்டும் ஒன்றில்லை. வாசகரே, எனக்கு ரொம்ப அலுத்துவிட்டது. நீங்கள் வேண்டுமானால் முடித்துக்கொள்ளுங்கள், கீழே இடம் விடுகிறேன்.

அவள் கத்தியைக் கூடையில் வைத்துவிட்டு என் தாழ்ந்த தோளில் கையை ஊன்றிக் குனிகிறாள். சிரிக்கிறாள்.

"என்ன, எந்திரிக்கவே மனசு வரல? அவ்ளோ சூடாவா இருக்கு?"