லகாட்டின் சென்டர் பார்வேர்டு

பூட்ஸ் கயிற்றை மூன்றாவது முறையாக அவிழ்த்துக் கட்டினான் ஐயாவு. முதல் முறை இறுக்கமாகப் பட்டது. இரண்டாவது முறை தொளதொளவென்று இருந்தது. உண்மையில் கயிற்றில் ஒரு குறையும் இல்லை. மைதானத்தின் மறுபக்கம் கித்தான் கூடாரத்தின் கீழே உட்கார்ந்திருந்த மனிதர்தான் அவனை நிம்மதியாக இருக்கவிடவில்லை. வெள்ளைக் கோட்டு, கறுப்புத் தொப்பி, மடியில் குறுக்காக ஒரு குடை. ஈப்போவில் பெரிய இரும்புப் பட்டறையின் தலைமை எழுத்தரான கிராணி சின்னையா. பட்டறையின் ஹாக்கிக் குழுவுக்கு ஆள் பொறுக்குகிறவரும் அவர்தான். அவர்களுடைய சென்டர் பார்வேர்டு போன மாதம் காலை ஒடித்துக்கொண்டான். 'சீனப் பெருநாளன்று லகாட்டுக்கு விளையாட வருகிறோம், உங்கள் ஐயாவுவையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்கிறோம்' என்று அவர் சொல்லி அனுப்பியிருந்தார்.

"கயித்த விடு மச்சான், வானத்தப் பாரு," என்றான் நூஹு. லகாட் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருப்பவன். ஆட்டம் என்றால் கடையைப் பூட்டிவிட்டு வந்து ஐயாவுக்குப் பின்னால் நின்று பந்து தள்ளித் தருபவன். "மழ வந்து ஆட்டம் நின்னுச்சுன்னா ஒன் ஈப்போ அம்போதான்லா."

"வராது."

"ஒனக்குத் தந்தி வந்துச்சாக்கும்."

ஐயாவு சிரிக்கவில்லை. அவனுக்கு முப்பத்தொரு வயது. பதினொரு வயதில் சுங்காய் ஊர் ரப்பர் தோட்டமொன்றில் பால்வெட்டுக் கத்தியைப் பிடித்தவன். அங்கே இருந்த துரைக்கு ஹாக்கிப் பைத்தியம். ஒரு சாயங்காலம் ஆள் குறைந்தபோது, வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஐயாவுவின் கையில் மட்டையைத் திணித்தார். மரத்துக்கு மரம் குனிந்தபடியே ஓடிப் பழகிய இடுப்புக்கு அந்த மட்டை புதிதாகவே இல்லை. பந்து அதில் ஒட்டிக்கொண்டது போல வந்தது. பிறகு சுங்காயைத் தோற்கடிப்பதற்கென்றே தஞ்சோங் மாலிம் தோட்டத்துத் துரை அவனை அழைத்துக்கொண்டார். அவரிடமிருந்து லகாட்டில் ஈயம் தோண்டும் லம்பம் பிடுங்கிக்கொண்டது. லம்பத்துப் பதிவேட்டில் அவன் காவல்காரன். பந்தைத் தவிர அவன் வேறெதையும் காவல் காத்ததில்லை.

ஏழு வருஷத்தில் மூன்று ஊர். ஒவ்வொரு முறையும் அதே தகரப்பெட்டி, அதே பாய், காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்ட கோழிகள். தஞ்சோங் மாலிமில் அவன் மனைவி வீரம்மா நட்ட கத்திரி பூவிட்டிருந்த வாரத்தில்தான் கிளம்பினார்கள். அவளுக்கு அழுகை வந்தது. அவனுக்கோ கிளம்புகிற நாளில் உடம்பே லேசாகிவிடும். ஓரிடத்தில் ஒரு வருஷம் தாண்டினால் உள்ளங்கால் அரிக்கும். ஆனால் இப்போது லம்பத்துக்கு வந்திருக்கும் புதுத் துரை கால்பந்துக்காரர். மாதக் கடைசியோடு ஹாக்கிக் குழுவைக் கலைத்துவிடப் போவதாகச் சொல்லிவிட்டார். ஈப்போ கிடைக்காவிட்டால் மறுபடியும் கத்தி, வாளி, விடிந்ததும் அதே முந்நூறு மரங்கள், நேற்று நின்ற அதே இடத்தில் இன்றும். 

வீரம்மா அதைத்தான் தேடிப் போயிருந்தாள். மூன்று மாதத்துக்கு முன்பு, அவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல், மைதானத்தை ஒட்டியிருந்த தோட்டத்தில் போய்ப் பெயர் கொடுத்துவிட்டாள். இன்று விடியலில் அவள் பெரட்டுக்கு, தோட்டத்து ஆள் கணக்கெடுப்புக்கு, கிளம்பும்போது அவன் மெல்லச் சொன்னான்.

"ஈப்போக்காரங்க வாராங்க. எடுத்துக்கிட்டா போலாம்."

அவள் தலைத்துணியை இறுக்கிக் கட்டினாள். "நீங்க போங்க. ஒங்க மட்டைக்குப் பின்னால நான் சட்டிபானை தூக்குனது போதும். மக ராக்காயி இப்பத்தான் பள்ளிக்கூடம் போறா. இந்தத் தடவ நான் கோழி காலக் கட்டமாட்டேன்."

அவ்வளவுதான் பேச்சு. கதவு சாத்தும் சத்தம்கூட இல்லாமல் போய்விட்டாள்.

ஒன்பதரைக்கு ஆட்டம் தொடங்கியது. பெருநாளுக்காக லம்பத்து இயந்திரங்கள் ஓய்ந்திருந்தன. கடைத்தெருப் பக்கம் பட்டாசு வெடித்தபடியே இருந்தது. தோட்டத்துக்கு மட்டும் லீவு இல்லை. மைதானத்து ஓரத்து வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், கித்தா எனப்படும் ரப்பர் மரங்கள் நிரை நிரையாக நின்று பால் வடித்துக்கொண்டிருந்தன.

ஐயாவு அன்றைக்கு நன்றாகத்தான் விளையாடினான். நூஹு தள்ளிய பந்தை வாங்கி இரண்டு பேரைச் சுற்றி வந்து, ஈப்போ கோலைக் காத்து நின்ற சீக்கியரின் இடக்கால் ஓரமாக அடித்து நுழைத்தான். அடித்த கையோடு கூடாரத்தைத் திரும்பிப் பார்த்தான். சின்னையா மடியிலிருந்த குடையைத் தரையில் ஊன்றிக்கொண்டு முன்னால் சாய்ந்திருந்தார். அந்தச் சாய்வு போதும் என்று நினைத்தான். பிறகு போதாது என்று தோன்றியது. இடைவேளைக்குப் பிறகு ஈப்போ ஒரு கோல் போட்டுச் சமன் செய்தது. முழங்கால் வலிக்க ஆரம்பித்தது. மலைக்குப் பின்னாலிருந்து மேகம் எழும்பி வெயிலை மூடியது.

ஆட்டம் முடிய மூன்று நிமிஷம் இருக்கையில் மழையின் முதல் சொட்டுகள் விழுந்தன. அதே நேரத்தில் நடுமைதானத்தில் ஒரு பந்து தனியாக உருண்டு வந்தது. ஐயாவு அதைக் கொத்திக்கொண்டு பாய்ந்தான். ஒருவன் வழுக்கி விழுந்தான். இன்னொருவன் பின்தங்கினான். கோலுக்கு முன்னால் போட்டிருந்த சுண்ணாம்பு வட்டத்துக்குள் ஐயாவு நுழைந்தபோது எதிரே சீக்கியர் மட்டும்தான் இருந்தார். அவரும் தப்பான பக்கம் நகர்ந்துவிட்டார். கோல் திறந்து கிடந்தது. மட்டையை ஓங்கினான்.

டாண், டாண், டாண், டாண் என்று தோட்டத்து ஆபீஸில் தொங்கிய தண்டவாளத் துண்டை யாரோ விடாமல் அடித்தார்கள்.

மழை வரும்போது அடிக்கிற அடி அது. கோப்பையில் இருக்கும் பாலில் தண்ணீர் விழுந்தால் காலை முழுக்க வெட்டியது வீண். அந்தச் சத்தம் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். யோசிக்கிறவன் பாலை இழப்பான். ஆகவே யாரும் யோசிப்பதில்லை, பதின்மூன்று வருஷம் ஐயாவும் யோசித்ததில்லை.

அவன் மட்டை கீழே இறங்கியது. உடம்பு நிமிர்ந்தது. திறந்த கோலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, மரங்களை நோக்கி நாலு எட்டு ஓடினான். ஐந்தாவது எட்டில்தான் தான் எங்கே இருக்கிறோம் என்பது உறைத்தது. அதற்குள் ஈப்போக்காரன் பந்தைத் தூக்கி அடித்துவிட்டான். மறு கோடியில் இன்னொருவன் அதை வாங்கி லகாட்டின் கோலுக்குள் தள்ளினான். மீதி நிமிஷமும் மழையில் கரைந்து விசில் ஊதப்பட்டது. ஆட்டம் முடிந்தது.

மழை வலுத்தது. நூஹு ஓடிவந்து அவன் தோளைப் பிடித்து உலுக்கினான்.

"என்னா மச்சான் ஆச்சு ஒனக்கு? பேய் கீய் அடிச்சுதா? சரி விடு, கிராணி வாராரு. விசில் சத்தம் கேட்டுச்சு, அதான் நின்னேன்னு சொல்லு. நானும் கேட்டேன்னு சத்தியம் பண்றேன்."

"நீ கேட்டியா?"

"நான் எங்கடா கேட்டேன். நீ சொல்லு."

சின்னையா குடையைப் பிடித்தபடி சேற்றில் கவனமாகக் கால் வைத்து வந்தார். "வட்டத்துக்குள்ள வந்துட்டு ஏன் தம்பி நின்ன?"

நூஹு வாயைத் திறந்தான். அதற்குள் ஐயாவு சொல்லிவிட்டான். "தோட்டத்துல தண்டவாளம் அடிச்சாங்க, ஐயா."

நூஹு கடை தீப்பற்றிக்கொண்ட மாதிரி முகத்தை வைத்துக்கொண்டான். சின்னையா வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு குடையை ஐயாவு பக்கம் கொஞ்சம் சாய்த்தார். குரலையும் தாழ்த்திக்கொண்டார்.

"அந்தச் சத்தத்துக்கு நானும் நாக்காலிய விட்டு எந்திரிச்சிட்டேன், பழைய பால்வெட்டுக்காரன்தானே. பக்கத்துல எங்க சின்னத் தொரை. கால் மரத்துப் போச்சுன்னு சொல்லிச் சமாளிச்சேன்." தொண்டையைச் செருமியதும் பழைய கிராணிக் குரல் வந்துவிட்டது. "எங்க மைதானத்துப் பக்கம் ஒரு கித்தா மரம் கெடையாது. நாளைக்குக் காலையில பெரிய தொரை ஒன்னப் பாக்கணும். இன்னிக்குப் பன்னெண்டு மணி ரயிலுக்கு ஸ்டேஷன்ல இரு. ஒண்டியா வா, குடும்பத்தோட வா, அது ஒன் பாடு. வரலைன்னா வேற ஆளப் பாத்துக்குவேன்."

மணி பதினொன்று ஆகியிருக்கும். நூஹு அவன் முதுகில் ஒரு அறை அறைந்தான். ஐயாவு வாய்க்காலைத் தாண்டிக் குதித்தான்.

தோட்டத்துக்குள் எல்லோரும் ஓடிக்கொண்டிருந்தார்கள். மூன்று மாதத்தில் ஒருநாள்கூட அவன் இந்தப் பக்கம் வந்ததில்லை. வாளியோடு எதிரே வந்த ஒருத்தியை நிறுத்தினான்.

"வீரம்மா எந்த நெரையில வெட்டுறா, அக்கா?"

அவள் அவனுடைய பூட்ஸையும் மட்டையையும் பார்த்தாள். "பந்தாட்டக்காரரா? பொஞ்சாதி நெரைய ஊரான்கிட்ட கேக்குறீங்களே. அந்தாப் பாருங்க, மேட்டுக்கு அந்தப் பக்கம்."

வீரம்மா கோப்பையை எடுப்பதும் கவிழ்ப்பதும் வழிப்பதுமாக மரத்துக்கு மரம் போய்க்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்தும் கை நிற்கவில்லை.

"கெலிச்சீங்களா?"

"தோத்தாச்சு."

"அப்புறம் என்னா?"

"பன்னெண்டு மணி ரயிலுக்கு வரச் சொல்லிட்டாரு."

அவள் கையிலிருந்த கோப்பையில் ஒரு கணம் மழை விழுந்தது. பிறகு அதையும் வாளியில் கவிழ்த்தாள்.

"இன்னும் ரெண்டு நெரை கெடக்கு," என்றாள்.

அது சரி என்பதா, மாட்டேன் என்பதா? முகத்தைப் பார்த்தால் தெரியும் என்று அவன் நின்றான். அவள் முகம் காட்டாமல் அடுத்த மரத்துக்குப் போய்விட்டாள். காலியாகக் கிடந்த இன்னொரு வாளியை எடுத்துக்கொண்டு அவன் பக்கத்து நிரைக்குள் இறங்கினான். கோப்பைகள் ஏற்கனவே நிரம்பி வழிந்தன. பட்டையெல்லாம் வெள்ளையாக ஒழுகி, மரத்தடியில் வெள்ளைத் தண்ணீர் ஓடி, பூட்ஸுக்குள் புகுந்தது. அவன் குனிந்தபடியே வேகமாக ஓடினான், இன்னும் நாற்பது மரம், இன்னும் முப்பது மரம். பக்கத்து நிரையில் அவளும் அதே வேகத்தில் போய்க்கொண்டிருந்தாள். மரங்களுக்கு இடையில் அவளுடைய தலைத்துணி தெரிந்தது, மறைந்தது, மறுபடி தெரிந்தது.