அடைக்கலம் கையை இறக்கிய கதை

தவக்காலம் தொடங்கிய சாம்பல் புதனன்று, கைலாசபுரம் குவார்ட்டர்ஸ் வீடு ஒன்றில் அடைக்கலம் என்றொரு பஸ் கண்டக்டர் பிறந்தார். பிறக்கும்போதே நடுவயது. தொப்பை இருந்தது, உடுப்பு இல்லை. இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நேராக நீட்டிக்கொண்டு, ஜெஸ்லினின் கம்ப்யூட்டர் திரைக்குள் களிமண் நிறத்தில் நின்றார்.

கம்ப்யூட்டர் என்றதும் பயந்துவிடாதீர்கள். பொம்மைக்கு எலும்பு வைக்கிற கதைதான் இது. படத்தில் ஓர் ஆளை உருவாக்குவது ஒரு வேலை, அவரை அசையவைப்பது இன்னொரு வேலை. உடம்புக்குள் எலும்பும் மூட்டும் வைத்து, எந்த எலும்பு அசைந்தால் எந்தச் சதை எவ்வளவு தூரம் கூடவே வரவேண்டும் என்று இடம் இடமாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ரிக்கிங் என்பார்கள். ஜெஸ்லினுக்கு அதைச் சொல்லித்தர ஆளில்லை. ஸ்ரீரங்கத்தில் இருந்த சிநேகிதி ஜோதியிடம் இரண்டு தடித்த ஆங்கிலப் புத்தகங்கள் இருந்தன. ஜோதி படிக்கத் தொடங்கிப் பாதியில் விட்டவை. ஜெஸ்லின் அவற்றை வாங்கிவந்து மடியில் வைத்துக்கொண்டுதான் படித்தாள். வீடியோவில் சொல்பவர்கள் விசுக்கென்று எதையோ அழுத்திவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறார்கள். புத்தகம் அப்படியில்லை, நமக்குப் புரிகிறவரை அதே பக்கத்தில் காத்துக்கொண்டிருக்கும்.

சென்னையில் ஒரு ஸ்டுடியோவுக்கு ஆள் வேண்டியிருந்தது. ஓர் உருவத்துக்கு எலும்பு வைத்து ஈஸ்டர் ஞாயிறு மாலைக்குள் அனுப்பவேண்டும். அது கையைத் தூக்கவேண்டும், இறக்கவேண்டும், எந்த இடத்திலும் சதை கோணக்கூடாது. அப்பா அமிர்தசாமி, தொழிற்சாலையில் வெல்டிங் பிரிவில் இருப்பவர், அதுவரை பொறுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தார். இல்லாவிட்டால் ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமை முதல் மலைக்கோட்டை அடிவாரத்தில் சித்தப்பாவின் ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை. சித்தப்பா நாற்காலிகூட வாங்கிவிட்டாராம்.

அம்மா ரோசரி முதல்நாள் காபி கொண்டுவந்தபோதே திரையைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"யாரும்மா இது, இப்படிக் கையை விரிச்சுக்கிட்டு?"

"கண்டக்டர்மா."

"கண்டக்டரை எதுக்கு சிலுவையில போட்ட?"

கை விரிந்திருந்தால்தான் அக்குள், விலா எல்லாவற்றுக்கும் வேலை செய்ய முடியும், புத்தகத்தில் எல்லா உருவமும் இப்படித்தான் நிற்கிறது என்று ஜெஸ்லின் விளக்கினாள். ரோசரி கேட்டுக்கொண்டாள். ஆனால் அன்றிலிருந்து அந்த அறையைக் கடக்கும்போதெல்லாம் அவள் கை தானாக நெற்றிக்குப் போய் சிலுவை போட்டது. ராத்திரி ஜெபம் முடிந்ததும், இன்றைக்காவது இறக்கிவிடுவாயா என்று கேட்பாள். பாவம், எத்தனை நாள் நிற்பான் என்பாள்.

ஜெஸ்லினுக்கும் அதுதான் கவலை. கால் மடங்கியது, விரல் மடங்கியது, கழுத்துகூட அழகாகத் திரும்பியது. கையை இறக்கினால் மட்டும் தோளின் மேல்பக்கம், பால் ஊற்றியபின் கசக்கிப்போட்ட பாக்கெட்டைப் போல அமுங்கியது. அக்குள் சதை விலாவுக்குள் போய் மறைந்தது. தோள் அத்தியாயத்தை அவள் மனப்பாடமாகவே சொல்வாள். மூட்டு எங்கே தெரிகிறது என்று பார்க்காதே, எங்கே இருக்கிறது என்று பார் என்று அதில் ஒரு வரி உண்டு. அதைப் படித்துவிட்டு மூட்டை அப்படி நகர்த்துவாள், இப்படி நகர்த்துவாள். பாக்கெட் வேறு விதமாகக் கசங்கும்.

ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறு பிற்பகல், வெயில் அசதியில் தூங்கியபோது ஜெஸ்லினுக்கு ஒரு கனவு. சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து பஸ் கிளம்பி காவிரிப் பாலத்தில் போய்க்கொண்டிருக்கிறது. நடுவில் அடைக்கலம், விரித்த கை விரித்தபடி. சனங்கள் குனிந்து குனிந்து அந்தக் கைகளுக்கடியில் நகர்கிறார்கள். யாரும் கோபிக்கவில்லை. பூக்கூடைக்காரி ஒருத்தி கூடையை அவர் கையில் மாட்டிவிட்டு உட்கார்ந்துகொள்கிறாள். ஆற்றிலிருந்து காற்று வருகிறது. ஸ்ரீரங்கம் வந்தாயிற்று, ராஜகோபுரம் ஜன்னலை நிறைத்துக்கொண்டு போகிறது, ஆனால் பஸ் நிற்கவில்லை. விசில் அவர் கழுத்தில்தான் தொங்குகிறது. அதை எடுத்து வாயில் வைக்கக் கை வரவில்லை. பஸ் உத்தர வீதி, சித்திரை வீதி என்று சுற்றிச் சுற்றி மெதுவாக மிதக்கிறது. அடைக்கலம் ஜெஸ்லினைப் பார்க்கிறார்.

பெரிய வியாழனன்று அவள் புத்தகங்களைப் பையில் போட்டுக்கொண்டு ஜோதி வீட்டுக்குப் போனாள். காவிரிக்கரையில் அம்மா மண்டபத்துப் பக்கம் வீடு. இனி வேண்டாம், எடுத்துக்கொள் என்றாள். ஜோதி பையைத் தொடவே இல்லை.

"உன் ஆளு டிக்கெட் கிழிக்கறதுக்குள்ள பஸ்ஸு டெப்போவுக்கே போயிடும்னு எனக்கு அப்பவே தெரியும்டீ. ஆனா நான் முழங்காலோட நிறுத்தினவ. நீ தோள் வரைக்கும் போயிட்ட. ஞாயித்துக்கெழம வரைக்கும் வச்சுக்க, தூக்கிட்டுத் திரியறதுக்காவது."

கனத்த பையோடு வீடு திரும்பியவள் அறை வாசலில் நின்றுவிட்டாள். கம்ப்யூட்டர் திரைமேல் ஊதாத் துணி. மூலை மூலையாக மடித்து, பின்பக்கம் ஊக்கு குத்தி, அத்தனை நேர்த்தி. பாடுகளின் வாரத்தில் கோயிலில் சுரூபங்களை எல்லாம் ஊதாத் துணியால் மூடிவைப்பது வழக்கம். ரோசரி வீட்டில் சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபத்தையும் மூடியிருந்தாள், மீந்த துணியில் அடைக்கலத்தையும் மூடிவிட்டாள்.

"கையை விரிச்சவங்களை எல்லாம் மூடியாச்சு. இவன் மட்டும் எதுக்குப் பாவம் தெறந்து கெடக்கணும்? பாஸ்கா முடியட்டும், எடுத்துக்க."

ஜெஸ்லினுக்கு அழுகையும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை.

மறுநாள் பெரிய வெள்ளி. காலையில் அம்மாவோடு கோயிலுக்குப் போனாள். வீட்டில் இருந்து என்ன செய்ய? அவர்கள் கோயிலில் மரத்தால் செய்த ஓர் ஆண்டவர் சுரூபம் உண்டு. வருஷம் முழுக்க அலமாரிக்குள் படுத்திருக்கும். பெரிய வெள்ளியன்று மட்டும் சிலுவையில் ஏற்றி, சாயங்காலம் வெள்ளைத் துணி கொடுத்து இறக்கி, பூவில் கிடத்துவார்கள். அதற்காகவே தோளில் மூட்டு வைத்திருந்தார்கள். காலையில் பெண்கள் கூடித் தூசு துடைத்துக்கொடுப்பார்கள். அவர்களில் கேத்தரின் டீச்சர் பாதத்தைத் துடைத்தார், ரோசரி முகத்தை. ஜெஸ்லினிடம் ஒரு பஞ்சும் இடது தோளும் வந்தன.

"தோள்ல மெதுவாம்மா, பழைய தோலு" என்றாள் ரோசரி.

மரத் தோளின்மேல் ஆட்டுத்தோல் ஒட்டி, உடம்பு நிறம் பூசியிருந்தது. ஜெஸ்லின் பஞ்சால் துடைத்துக்கொண்டே கையைக் கொஞ்சம் தாழ்த்தினாள். தோல் கசங்கவில்லை. இன்னும் தாழ்த்தினாள். தூக்கத்தில் புரள்கிற பிள்ளையின் சருமம் போல அது மெல்ல நகர்ந்து கொடுத்தது. விரலால் தடவி அதன் ஓரத்தைத் தேடினாள். ஓரம் தோளில் இல்லை. கழுத்துக்குக் கீழே வெகுதூரம் உள்ளே, மார்பின் நடுவை ஒட்டி, சின்னச் சின்ன ஆணிகளாக இருந்தது. மர மூட்டும் அவள் நினைத்த இடத்தில் இல்லை. கை முடிகிறது என்று கண் சொல்கிற இடத்தைவிட உள்ளே, கீழே. கை இறங்கும்போது கை மட்டும் இறங்கவில்லை, பாதி மார்பு கூடவே வந்தது.

அவளோ அடைக்கலத்தின் கையைத் தோளோடு வெட்டிவிட்டிருந்தாள். மார்புக்கும் கைக்கும் நடுவில் வேலி போட்டதுபோல, இதெல்லாம் கைக்கு, இதெல்லாம் மார்புக்கு என்று பிரித்துக்கொடுத்திருந்தாள்.

"என்னடி, அங்கயே தடவிக்கிட்டிருக்க?"

"இன்னும் தூசு இருக்கும்மா."

அன்று வேலை செய்யமுடியாது. பெரிய வெள்ளியன்று அந்த வீட்டில் சுவரில் ஓர் ஆணிகூட அடிப்பதில்லை. அவள் பகல் முழுக்கத் தன் கையையே தூக்கித் தூக்கி இறக்கினாள், மறு கையைக் கழுத்தடியில் காரை எலும்பின்மேல் வைத்துக்கொண்டு. சாயங்காலம் கோயிலில் வெள்ளைத் துணி அக்குளுக்கடியில் போனது, ஆணி கழன்றது, ஒரு கை இறங்கியது, பிறகு மறு கை. கூட்டம் முழுவதும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது. ரோசரி அழுதாள். ஜெஸ்லினும் அழுதாள். எதற்கு என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

சனிக்கிழமை காலை, துணியை எடுக்கட்டுமா என்று கெஞ்சிப்பார்த்தாள். ராத்திரி உயிர்ப்புப் பூசையில் பாஸ்கா மணி அடிக்காமல் எப்படி எடுப்பது என்றாள் ரோசரி. ஜெஸ்லின் கொஞ்சநேரம் யோசித்தாள். பிறகு துணியின் ஓரத்தைத் தூக்கித் தலைமேல் போட்டுக்கொண்டு, அந்தக் காலத்து போட்டோக்காரரைப் போல உள்ளே நுழைந்துவிட்டாள். துணியை யாரும் எடுக்கவில்லையே, ரோசரி என்ன சொல்லமுடியும்? சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்தாள். துணிக்குள்ளேயே மோர் டம்ளரைக் கொடுத்தாள்.

உள்ளே ஊதா வெளிச்சம். ஆற்றுக்கு அடியில் உட்கார்ந்திருப்பது போலிருந்தது. ஜன்னல் காற்றில் துணி உப்பி உப்பி அடங்கியது. ஜெஸ்லின் தோள் மூட்டை உள்ளே தள்ளினாள். காரை எலும்பை மார்பின் நடுவிலிருந்து தொடங்கினாள். கை அசைந்தால் எவ்வளவு சதை கூட வரவேண்டும் என்று திரையில் நிறத்தால் பூசுவார்கள். தோளில் அடர்த்தியாக, போகப்போக மங்கலாக, மார்பின் நடுவரை பூசிக்கொண்டே போனாள். அந்தச் சின்ன ஆணிகள் இருந்த இடம்வரை. பொழுது போனதே தெரியவில்லை. அடைக்கலம் பொறுமையாக நின்றார்.

ஞாயிறு காலை பூசை முடிந்து வந்ததும் ரோசரி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஊக்குகளைக் கழற்றினாள். அமிர்தசாமி புதுச் சட்டையோடு வாசலில் நின்றார். துணி விழுந்தது.

அடைக்கலம் கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார். தோள் இரண்டும் தளர்ந்து, நாள் முழுக்க நின்று பழகிய மனுஷனைப் போல. ரோசரி கிட்டே போனாள். வெகுநேரம் பார்த்தாள்.

"அப்பாடா" என்றாள். "வலிச்சிருக்கும்ல."

ஜெஸ்லின் மவுஸால் திரையில் ஒரு பிடியை இழுத்தாள். அடைக்கலத்தின் வலது கை எழுந்து, இல்லாத கம்பி ஒன்றைப் பிடித்தது. மறுபடி இறங்கி, இரண்டு விரலால் ஒரு டிக்கெட்டை நீட்டியது. எங்கும் கசங்கவில்லை. அமிர்தசாமி குனிந்து அக்குளைப் பார்த்தார், வெல்டிங் போட்ட இடத்தைப் பார்ப்பதுபோல.

"ஒட்டு தெரியலையே" என்றார். பிறகு போனை எடுத்து, எப்படி ஆரம்பிப்பது என்று திண்டாடினார். கடைசியில் தம்பியிடம், நாளைக்கு வேண்டாம்ப்பா, பதில் வரட்டும், நாற்காலி எங்கே போய்விடப்போகிறது என்று சொல்வது கேட்டது.

மத்தியானமே அனுப்பிவிட்டாள்.

திங்கட்கிழமை ஜோதிக்குப் புத்தகங்களைக் கொடுக்க அவள் பஸ்ஸில் போனாள். பாலத்தில் ஏறியதும் காவிரிக் காற்று. கண்டக்டர் மேல்கம்பியைப் பிடித்தபடி சனங்களுக்கிடையே வந்தார். காக்கிச் சட்டைக்குள் அவர் தோள் எழுவதையும், மார்பு அதோடு கொஞ்சம் போய்த் திரும்புவதையும் ஜெஸ்லின் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்னம்மா, டிக்கெட் வேணாமா?"

"ஸ்ரீரங்கம் ஒண்ணு" என்றாள்.

அவர் கையை இறக்கிக் கொடுத்தார். கோபுரம் வந்தது. விசில் ஊதினார், பஸ் நின்றது.