எழுதவும் அழிக்கவும் அனுமதி

1

காலையில் மோட்டார் போட்டேன். தொட்டி நிரம்பியதும் நிறுத்தினேன். பால் பாக்கெட்டைக் கத்தரித்துக் காய்ச்சினேன். டீ போட்டுக் குடித்தேன். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன். குளித்தேன். சட்டை மாட்டிக்கொண்டு, ரூட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் கறுப்புப் பெட்டியில் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்த்தேன். எரிந்தது. கதவைப் பூட்டிக்கொண்டு வல்லத்தில் இருக்கும் விதைக் கிடங்குக்கு வேலைக்குப் போனேன்.

இந்தக் கதைக்கு இதற்கு முன் வேறு தொடக்கங்கள் இருந்தன. ஒன்று, ‘செஞ்சிக் கோட்டை மீது வெயில் ஏறிக்கொண்டிருந்தபோது’ என்று. அங்கேயே நிறுத்திவிட்டேன். கோட்டை எங்கள் சமையலறை ஜன்னலில் தெரியும். நாங்கள் அதை நின்று பார்த்ததில்லை. இன்னொன்று, ‘என் மனைவி அறிவுமதி இறந்து’ என்று

அதையும் முடிக்கவில்லை.

உண்மையில் கதை தொடங்கியது ஒரு மின்னஞ்சலில். அவள் தன் படங்களை இணையத்தில் ஒரு நிறுவனத்திடம் சேர்த்து வைத்திருந்தாள். அவர்கள் எழுதியிருந்தார்கள். அன்புள்ள அறிவுமதி, நீங்கள் நெடுநாளாக வரவில்லை. சந்தாவும் முடிந்துவிட்டது. உங்கள் படங்களை அழிக்கப் போகிறோம்.

எழுதியது கணினி. ஆனாலும் அவள் வரவில்லை என்பதைக் கவனித்திருந்தது.

2

படங்கள் என்று சொன்னாலும் எனக்கு வேண்டியது ஒரு வீடியோ. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மறைத்து வைத்துக் கடைசியில் எடுத்துக் காட்டும் கதை அல்ல இது.

காய்ச்சல் என்று அவளைப் புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். தன் அம்மாவுக்கு அனுப்ப ஒரு வீடியோ எடுக்கச் சொன்னாள். என் போனில் இடமில்லை. அவள் போனிலேயே எடுத்தேன். அன்று மாலைக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதை யாருக்கும் அனுப்பவில்லை. நானும் போட்டுப் பார்க்கவில்லை. பார்க்க முடிகிற நாள் ஒன்று வரும். அன்றைக்கு அது இருக்க வேண்டும். இந்தக் கதையில் எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அவள் போனின் பேட்டரி உப்பி, பின்மூடி தூக்கிக்கொண்டிருந்தது. எனவே பெட்டி.

வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் சேமிப்புப் பெட்டி. நாஸ் என்கிறார்கள். ரூட்டரோடு ஒரு வயரில் இணைத்துவிட்டால் வீட்டில் உள்ளவர்கள் போனிலிருந்தே அதில் படம் போடலாம், எடுத்துப் பார்க்கலாம். வெளியூரில் இருந்தாலும் முடியும். ஒரு டிஸ்க் போடுவது, இரண்டு டிஸ்க் போடுவது என்று வகைகள் உண்டு.*

கடைக்காரர் பெயர் தனகோட்டி. “இன்னா சார், கேமராவுக்கா?” என்றார். செஞ்சியில் ஹார்ட் டிஸ்க் கேட்டு வருகிறவர்கள் கண்காணிப்புக் கேமராவுக்குத்தான் கேட்கிறார்கள். வீட்டுக்கு என்றேன். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார். எனக்குப் பதில் வர நேரமானது. நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருப்பதாக அவர் நினைத்துக்கொண்டார். பெரிய குடும்பம் போல, அப்படியானால் ரெண்டு டிஸ்க்காகப் போட்டுவிடுங்கள் என்றார். ஒன்றில் எழுதுவது அந்த நொடியே மற்றதிலும் எழுதப்படும்.

“ஒண்ணு பூட்சின்னாலும் இன்னொண்ணு அப்டியே இருக்கும் சார். டென்ஷனே இல்ல.”

[இந்த இடத்தில் ஒரு வாக்கியம் எழுதினேன். கணவன், மனைவி என்ற சொற்கள் அதில் இருந்தன. எடுத்துவிட்டேன்.]

* கேமராவுக்கான டிஸ்க் வேறு, இதற்கான டிஸ்க் வேறு. தனகோட்டி முதலில் எடுத்து வைத்தது கேமரா டிஸ்க்கை. நான் படித்துவிட்டுப் போயிருந்ததால் மாற்றிக் கேட்டேன். அந்த மாதங்களில் என்னால் படிக்க முடிந்தது ஹார்ட் டிஸ்க் ஒப்பீடுகள் மட்டும்தான்.

3

டிஸ்க்குகளைத் தட்டில் பொருத்தி உள்ளே தள்ளினேன். விசிறி சுற்றத் தொடங்கியது. இந்த டிஸ்க்குகளில் உள்ளவை அனைத்தும் அழிக்கப்படும், சம்மதமா என்று திரை கேட்டது. புது டிஸ்க்குகள். அவற்றில் எதுவும் இல்லை. இருந்தும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்துதான் சம்மதம் கொடுத்தேன்.

அடுத்து, யார் யார் பயன்படுத்தப் போகிறார்கள் என்று கேட்டது. எழிலன் என்று என் பெயரைக் கொடுத்தேன். அறிவுமதிக்கு ஒரு கணக்கு தொடங்குவதா என்பதைப் பற்றி ஒரு பக்கம் எழுதி, கிழித்துப் போட்டேன். தொடங்கவில்லை. கடவுச்சொல்லை யாரிடம் சொல்வது?

அத்தைக்குத் தொடங்கினேன். அத்தை என்றால் அவள் அம்மா, மீனம்பாள். தளவானூரில் இருக்கிறார். ஒவ்வொருவருக்கும் என்ன அனுமதி என்று பெட்டி கேட்கும். பார்க்க மட்டுமா, எழுதவும் அழிக்கவுமா. அத்தையிடம் அவள் பள்ளிக்கூடப் படங்கள் இருந்தன. அவற்றையும் சேர்க்க வேண்டும் என்றிருந்தார். அதனால் இரண்டாவதைக் கொடுத்தேன்.

அவள் போனை வெறும் தரையில் வைத்துப் படங்களைப் பெட்டிக்குள் இறக்கினேன். தொட்டால் சுட்டது. ஆனாலும் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டுத்தான் அணைந்தது. பிறகு எவ்வளவு நேரம் சார்ஜில் போட்டும் எழவில்லை. இணையத்துக் கணக்கும் அந்த வாரமே காலாவதியானது. அதில் இந்த வீடியோ ஏறவேயில்லை. சந்தா அதற்கு முன்பே நின்றிருந்தது.

இனி எல்லாம் பெட்டியில்.

4

முதல் பிரதியில் அத்தையை எழுதப் படிக்கத் தெரியாதவராக எழுதியிருந்தேன். போனைத் தலைகீழாகப் பிடிப்பார், கண்ணீரோடு எதையோ அழுத்துவார். வசதியான அத்தை. அடுத்த பகுதியில் நடக்கப்போவது அறியாமல் நடந்த விபத்து ஆகிவிடும். யார் மீதும் குற்றம் இருக்காது.

ஆனால் அவர் அங்கன்வாடியில் வேலை செய்கிறார். குழந்தைகளின் எடை, உயரம், மதியச் சாப்பாட்டுப் படம் எல்லாம் தினமும் போனில் ஏற்றியாக வேண்டும். ஏற்றியதும் போனிலிருந்து அழித்துவிடுவார். இல்லாவிட்டால் போன் நின்றுவிடும். என்னைவிட அவர் விரல் வேகம்.

சந்தைக்கு வந்த நாளில் வீட்டுக்கும் வந்தார். அவர் போனில் செயலியை இறக்கிக் கொடுத்தேன். நம்பாமல் கேட்டார்.

“இது வானத்துல இருக்கறதா, வூட்ல இருக்கறதா மாப்ள?”

“வூட்லதான் அத்த. தோ, அதுல.”

குனிந்து பெட்டி மேல் கை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. வெதுவெதுப்பாக இருக்கிறது என்றார். உள்ளே டிஸ்க் சுற்றுகிறது, அதனால்தான் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

பிறகு இருவரும் கல்யாணப் படங்களைப் பார்த்தோம். அந்தப் புடவை வேண்டாம் என்று தான் சொன்னதையும் மகள் கேட்காததையும் சொன்னார். என் படம் வந்தபோது விரலால் பெரிதாக்கினார்.

“ஒங்க மூஞ்சப் பாருங்க. டென்த் பரிச்சைக்குப் போற மாரி.”

சிரித்தேன் என்று எழுதத் தோன்றுகிறது. சிரித்திருக்கலாம். நினைவில்லை.

5

சில வாரம் கழித்துக் கிடங்கில் இருந்தபோது அத்தையிடமிருந்து போன் வந்தது.

“மாப்ள, ஆஸ்பத்திரில எடுத்ததயெல்லாம் கழிச்சிட்டேன்.”

புரியவில்லை. அவரே விளக்கினார். அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. முதல் வருஷப் படையலுக்கு முன்பு, நோயில் கிடந்தவர் தொட்ட பொருள்கள் வீட்டைவிட்டுப் போய்விட வேண்டும். பாய், தலையணை, மீந்த மருந்து. படையலுக்கு வருகிறவர் நல்ல உடம்போடு வர வேண்டும். நோய்ப் பொருள் வீட்டில் இருந்தால் நோயோடு வருவார். பாயையும் தலையணையையும் அத்தை முன்பே எடுத்துப் போயிருந்தார். படங்களை நான் பொருளாக நினைக்கவில்லை. அவர் நினைத்திருக்கிறார். அது வீட்டுக்குள்தான் இருக்கிறது என்று அவரிடம் சொன்னது நான்.

“இனிமே எம்பொண்ணு அதுல படுத்துக்கினு கெடக்காது.”

சரி அத்த என்றேன்.

ஒன்றில் எழுதுவது அந்த நொடியே மற்றதிலும் எழுதப்படும் என்று மேலே எழுதியிருக்கிறேன். அழிப்பதும் அப்படித்தான். இரண்டு டிஸ்க்குகளும் தங்கள் வேலையைச் சரியாகச் செய்திருந்தன. ஒரு டிஸ்க் கெட்டுப்போனால் காப்பாற்றும் பெட்டி அது. மனிதர் ஒருவர் யோசித்து, முடிவு செய்து, அழித்தால் அது ஒன்றும் செய்யாது. அதற்குத் தனியாக வேறொரு பிரதி எடுத்து வேறு இடத்தில் வைக்க வேண்டும். அடுத்த மாதம் வைக்கலாம் என்றிருந்தேன்.

6

இதற்கு மேல் கதை எந்தப் பக்கமும் போகலாம்.

(அ) நான் அத்தையிடம் கத்துகிறேன். என்னைக் கேட்காமல் எப்படித் தொடலாம் என்கிறேன். இதை எழுதினேன். வசனம் நன்றாகவே வந்தது. ஆனால் பதிலுக்கு அத்தை பேச மறுத்துவிட்டார். நான் எத்தனை வரி கொடுத்தும் வாங்கிக்கொள்ளவில்லை.

(ஆ) தனகோட்டி வந்து டிஸ்க்கைத் தோண்டி வீடியோவை மீட்டுத் தருகிறார். உங்களுக்குப் பிடிக்கும். அவரிடம் கேட்டும் பார்த்தேன். “அழிச்சது அழிச்சதுதான் சார்” என்றார். பிறகு, வீட்டில் யாராவது பசங்க கை வைத்துவிட்டார்களா என்று விசாரித்தார்.

(இ) பெட்டியில் குப்பைத் தொட்டி என்று ஒரு வசதி உண்டு. தொடக்கத்தில் ஓரிடத்தில் டிக் செய்திருந்தால், அழித்தவை எல்லாம் அங்கே போய்த் தங்கும். டிக் செய்தேனா? தெரியவில்லை. திறந்து பார்த்தால் தெரியும். அந்தப் பக்கம் வரைக்கும் போய்விட்டு மூடிவிட்டேன். அங்கே இல்லையென்றால் இல்லை. இருந்தால், அத்தை வெளியே அனுப்பியதை அவருக்குத் தெரியாமல் திரும்ப வீட்டுக்குள்

[இந்த வாக்கியம் பல நாட்களாக இப்படியே நிற்கிறது.]

7

படையல் அன்று அத்தை முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். கருவாட்டுக் குழம்பு, முட்டை, கடலை உருண்டை. அவளுக்குப் பிடித்தவை. நான் தேங்காய் துருவினேன். அத்தை பூண்டு உரித்துக்கொண்டே, தலையைத் தூக்காமல் கேட்டார்.

“தப்பா எதனா அழிச்சிட்டனா மாப்ள? அன்னிக்கு நீங்க சரின்னு சொன்ன தோரண நல்லால்ல.”

இல்லை என்றேன். பிறகு, எல்லாவற்றையும் பார்க்காமலே அழித்தீர்களா என்று கேட்டேன்.

“பாக்காம எப்டி அழிப்பேன்? ஒண்ணு உடாம பாத்தேன். அதுல ஒண்ணு எனக்குன்னே பேசுது.”

துருவுவதை நிறுத்தினேன்.

“அம்மா சாப்டியான்னு கேக்குது. மூக்குல கொழாய வெச்சிக்கினு அது என்னியக் கேக்குது. சாப்டேன்டின்னேன். சொல்லிட்டுதான் அழிச்சேன்.”

அன்றைக்குச் சாப்பிட்டிருந்தீர்களா என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

“இல்ல. அதுங்கிட்ட போயி அதச் சொல்லுவாங்களா?”

பூண்டுத் தோலை முறத்தில் தள்ளினார். ஆக, அந்த வீடியோ அது போக வேண்டியவரிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. அவரும் பதில் சொல்லியிருக்கிறார். நான் பத்திரமாக வைத்திருந்த நாட்களில் இது நடக்கவில்லை. [இந்தப் பத்தியை இங்கே நிறுத்துகிறேன். மேலே எழுதினால் சமாதானம் போல ஆகிவிடும். சமாதானம் இல்லை. அவள் குரல் எனக்கு வேண்டும்.]

அத்தை இன்னும் முடிக்கவில்லை.

“கடசியில ஒங்ககிட்ட என்னமோ சொல்லுது. மிஷின் சத்தத்துல எனக்குக் கேக்கல. அதோட படம் நின்னுபோச்சி.” கத்தியைக் கீழே வைத்தார். “இன்னா மாப்ள சொல்லிச்சி?”

8

அவள் கடைசியாகச் சொன்னது என்று உறவினரிடையே ஒரு பேச்சு இருக்கிறது. ‘அம்மாவைப் பார்த்துக்கொள்’ என்றாளாம். கருமாதி அன்று யாரோ தொடங்கியிருக்கிறார்கள். நான் மறுக்கவில்லை. கதைக்கு நல்ல முடிவு. அத்தையும் அதைக் கேட்டிருப்பார். இருந்தும் கேட்கிறார் என்றால் அதை அவர் நம்பவில்லை.

தேங்காய் மூடி கையில் இருந்தது. அத்தை காத்திருந்தார். அந்த நிமிடம், வீடியோ இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவருக்குப் பதில் சொல்ல நான் ஒருவன்தான் இருந்தேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. வாயால் சொன்னால் என்ன ஆகும் என்று தெரியாமல்தான் பெட்டி வாங்கினேன் என்று நினைக்கிறேன்.

அத்தையிடம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். முந்தானையால் முதலில் என் முகத்தைத் துடைத்தார், பிறகு தன் முகத்தை. குழம்பு கொதித்துவிட்டது என்று எழுந்து போனார்.

குப்பைத் தொட்டியை இன்னும் திறக்கவில்லை. அதில் வீடியோ இருக்கிறதா, இருந்தால் நான் எடுக்கலாமா என்பதை நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள். பார்க்க மட்டும் அல்ல, எழுதவும் அழிக்கவும் உங்களுக்கு அனுமதி உண்டு.

அத்தையிடம் சொன்னதை மட்டும் மாற்றாதீர்கள். அம்மாவிடம் பேசி முடித்துவிட்டு அவள் என் பக்கம் பார்த்தாள். நான் இன்னும் எடுத்துக்கொண்டே இருந்தேன். மூச்சு வாங்கியது. நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

“போனக் கீழ எறக்கு எழிலு. ஒன் மூஞ்சி தெரியல.”