தூரடியில் உட்காரும் கால்

விடியும்போதே ராஜாத்திக்கு முழங்காலில் குடைச்சல் தொடங்கிவிட்டது. பண்ணைப்புரத்திலிருந்து தேனிக்குப் பஸ்ஸில் வந்து இறங்குவதற்குள் முட்டி வீங்கிவிட்டது. மகள் ஓவியா கைத்தாங்கலாக பிசியோதெரபி அறைக்குக் கூட்டி வந்தாள்.

மலையில் ஏலக்காய் எடுக்கும்போது சறுக்கி விழுந்து, ஜவ்வு அறுந்து, ஆபரேஷன் செய்த கால். அந்த ஒரு கூலியில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது. கூலியாட்களை மலைக்கு ஏற்றிப்போகும் ஜீப்பில் அம்மாவின் இடம் போய்விடக் கூடாதென்று ஓவியா மாற்றாளாக மலையேறிக்கொண்டிருந்தாள். நர்சிங் கல்லூரியில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. இந்த வாரத்துக்குள் சேர வேண்டும். அம்மா தேறினால் போவாள்.

பிசியோதெரபிஸ்ட் ஜெபஷீலா முட்டிச்சில்லைக் கட்டைவிரல்களால் மேலும் கீழும் மெல்லத் தள்ளினாள்.

"முட்டிய மெத்தையில அமுக்குங்கக்கா. தொடை இறுகணும்."

ராஜாத்தி பல்லைக் கடித்தாள். தொடை தொளதொளவென்று கிடந்தது.

"சொன்ன பேச்சக் கேக்க மாட்டேங்குது. இவ அப்பன் மாதிரி."

ஜெபஷீலா சிரித்தாள். காலை மடக்கி வைத்து, முட்டிக்குக் கீழே பிடித்து முன்னால் இழுத்துப் பார்த்தாள். நல்ல காலையும் இழுத்துப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது.

"வீட்ல என்ன செஞ்சீக?"

"நீங்க சொன்னதத்தான்."

"அக்கா."

ராஜாத்தி சுவரைப் பார்த்தாள். "இவ ஜீப்புக்குப் போன பெறகு, கட்டிலப் பிடிச்சுக் குத்தவச்சு உக்காந்து பழகுனேன். ஏலக்கா செடியோட தூரடியில, தரையோடதான காய்க்குது? நேரா நிக்கிறதுக்கா கூலி குடுக்குறாக?"

"மொதல்ல தொடைக்குப் பலம் வரணும், பெறகுதான் உக்காரணும்னு சொன்னேன்ல. ஆபரேசன்ல வச்சுக் கட்டுன ஜவ்வு நெகிழ்ந்துருச்சு போல. டாக்டர்ட்ட காட்டணும்."

"மலைக்கு எப்பப் போகலாம்?"

"இந்த வருசம் போக முடியாதுக்கா."

ஓவியா வெளியே போனாள். ஜீப்புக்கு ஆள் சேர்க்கும் சங்கிலியம்மாளிடம் போனில் பேசுவது உள்ளே கேட்டது. "நாளைக்கும் நாந்தான் வருவேன் சித்தி. இனிமே நாந்தான்."

திரும்பி வந்தவளிடம் ராஜாத்தி சொன்னாள், "நீ காலேசுக்குப் போத்தா. நான் எப்படியும் சமாளிச்சுக்குவேன்."

"எப்படி? குத்தவச்சா?"

ஓவியா கீழே உட்கார்ந்து அம்மாவின் காலில் செருப்பை மாட்டினாள். கோபத்திலும் வீங்கிய முட்டியில் படாமல் பார்த்துக்கொண்டாள்.

பஸ்ஸில் ராஜாத்தி மனதுக்குள் கணக்குப் போட்டாள். மகளுக்கு ராஜாத்தி தர வேண்டியது ஒரு வருடப் படிப்பு. அது பாக்கி நிற்கிறது.